மடியில் இருந்த இரண்டு மஞ்சள் பைகள்

சினிமாவில் தயாரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "சார், செலவை எப்படிக் குறைக்கிறது?" என்பதுதான். தொழிலில் என் பெயர் அப்படி. கஞ்சப்பிசினாறி என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. தயாரிப்பு நிர்வாகியைப் பார்த்து தாராள மனசுக்காரன் என்று யாராவது சொன்னால், அந்தப் படம் பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் செலவைக் குறைப்பதெல்லாம் நாலு படம் வேலை செய்தால் தானாக வந்துவிடும். வராதது ஒன்று உண்டு. ஏதோ ஒன்று கைமீறிப் போகும்போது, எதை முதலில் காப்பாற்றுவது என்று அந்த நொடியில் முடிவு செய்வது. வெளிச்சமா, ஃபிலிமா, படத்தின் பெயரா, இல்லை யாரென்றே தெரியாத ஒரு மனுஷியா? ஒரு நாள் மதியம் எங்கள் யூனிட் மொத்தமும் திருடர்களாகிவிட்ட கதையைச் சொல்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் முதலில் பெருமூச்சு வரும், அப்புறம் சிரிப்பு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் எடுத்த படம் அது. மில் மூடியதால் நொடித்துப்போன குடும்பங்களின் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் பாக்கெட் அடித்தும், பை திருடியும் பிழைக்கிற கதை. நட்சத்திரம் கிடையாது, பாட்டு கிடையாது, செட் கிடையாது. சென்னையிலிருந்து வந்த இயக்குநருக்கு அதுதான் முதல் படம். நல்ல மனுஷர், ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை "உண்மையா இருக்கணும்" என்பார். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட உண்மையான காபி இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று நாங்கள் கேலி பேசுவோம்.

கதாநாயகனாக நடித்தவன் முருகேசன். பீளமேட்டில் ஒரு பேக்கரியில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன். பத்தொன்பது வயது. அதற்கு முன்னால் அவனே பஸ்ஸில் கைவரிசை காட்டிப் பிடிபட்டு, உள்ளே போய் வந்தவன். வெளியே வந்தபோது வீட்டில் சேர்க்கவில்லை. பேக்கரிக்காரர்தான் பாவம் பார்த்துப் பின்கட்டில் படுக்க இடம் கொடுத்திருந்தார். அவனை நடிக்க வைக்கப்போகிறோம் என்றதும் யூனிட்டில் பாதிப் பேர் தங்கள் பர்ஸை உள்பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். அவனும் அதைப் பார்த்தான். 

முதல் நாள் படப்பிடிப்பில் அவன் ஒரு மளிகைக் கடைக்காரர் கழுத்தில் கத்தியை வைத்து மிரட்ட வேண்டும். வசனம் சென்னை ரவுடி பேசுகிற மாதிரி எழுதியிருந்தது. முருகேசன் கத்தியை அழுத்தமாகத்தான் வைத்தான். வாயைத் திறந்தால், "ஏனுங்க, சத்தம் போடாதீங்க. கல்லாவத் தொறந்து உட்டுருங்க" என்றான். கேமரா ஆடுகிற அளவுக்கு நாங்கள் சிரித்துவிட்டோம். இயக்குநருக்குக் கோபமான கோபம். "வாடா போடான்னு பேசுப்பா!" என்று கத்தினார். "வயசுல பெரியவருங்க. எப்படீங்க அப்படிச் சொல்றது?" என்றான் அவன், கத்தியை எடுக்காமலே. கடைசியில் அப்படியே எடுத்தோம். பிற்பாடு தியேட்டரில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

காட்சி இதுதான். ஒரு பெண்மணி நகைகளை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிறாள். அசதியில் தூங்கிவிடுகிறாள். முருகேசன் அவள் மடியிலிருக்கும் பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடுகிறான். ஒதுக்குப்புறமாகப் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது எல்லாம் கவரிங். ஆத்திரத்தில் அத்தனையையும் பாலத்திலிருந்து வாய்க்காலில் வீசி எறிகிறான்.

அந்தப் பெண்மணியாக நடித்தவர் சரசு அக்கா. பீளமேட்டில் தையல் கடை வைத்திருந்தார், ஊர் நாடகங்களில் நடித்துப் பழக்கம். முதலில் இயக்குநர் நகைகளை ஒரு வெல்வெட் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார். சரசு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க பக்கம் நகைய வெளியூருக்குக் கொண்டு போனா, எவர்சில்வர் சம்படத்துல போட்டுப் பழந்துணி சுத்தி, மஞ்சப்பையில வெச்சுக்குவோமுங்க. பாக்கறவனுக்குப் புளிச்சோறாட்டத் தெரியோணும்" என்றார். இயக்குநர் துள்ளிக் குதித்தார். "இதுதான் உண்மை! இப்படியே செய்யுங்க" என்றார். கலை உதவியாளன் பழனி கவரிங் நகைகள் வாங்கி, மூடி போட்ட ஒரு சம்படத்தில் வைத்து, துணி சுற்றி மஞ்சள் பையில் போட்டுவிட்டான். சம்படத்தைப் படப்பிடிப்புக்கு முன்னால் முருகேசன் கண்ணில் காட்டக் கூடாது என்று இயக்குநர் உத்தரவு. கேமரா முன்னால் முதல்முறையாகத் திறந்தால்தான் முகத்தில் உண்மை வருமாம்.

பஸ்ஸையும் உண்மையாகவே பிடித்தோம். தனியார் டவுன் பஸ் முதலாளி ஒருவரிடம் பேசி, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சிங்காநல்லூரிலிருந்து ஆர்.எஸ்.புரம் போகிற வண்டியில் சாதாரண ஜனங்களோடு ஏறிக்கொண்டோம். கேமராமேன் எஞ்சின் பக்கத்து நீள இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டை போட்ட பிஸ்கட் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பெட்டிக்குள் கேமரா. அந்தக் காலத்துக் கேமரா மாவு மில் மாதிரிச் சத்தம் போடும், ஆனால் எங்கள் ஊர் டவுன் பஸ் அதைவிடப் பெரிய சத்தம் போட்டதால் யாருக்கும் தெரியவில்லை. நான் நடுவில் தொங்கிக்கொண்டு வந்தேன். நான் இருமினால் சரசு அக்கா கண்ணை மூடித் தூங்க வேண்டும், முருகேசன் வேலையைத் தொடங்க வேண்டும்.

கூட்டம் நெரிந்தது. சுங்கம் நெருங்கும்போது இருமினேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆட்கள், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. முருகேசன் முன்பக்கமாக நகர்வதும், வண்டி நின்றதும் கையில் மஞ்சள் பையோடு படியில் இறங்குவதும் மட்டும் தெரிந்தது. கேமராமேன் கட்டை விரலைக் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் நாங்களும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தோம். ஒரே டேக்கில் முடிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வாலாங்குளத்துக்குப் போகிற வாய்க்கால் பாலத்தில் இயக்குநரும் பழனியும் அடுத்த காட்சிக்குத் தயாராக இருந்தார்கள். இங்கேதான் என் கஞ்சத்தனம் வருகிறது. வாய்க்காலில் எறிந்தால் கவரிங் நகை போய்விடும். இரண்டாவது டேக் வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும். அதனால் பழனியும் கேமரா உதவியாளரும் கேமராவுக்குத் தெரியாமல் பாலத்துக்கு அடியில் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். "எறியறது குப்பைன்னு கதை. அதைப் பிடிக்க ரெண்டு பேரா?" என்று இயக்குநர் முகம் சுளித்தார். நான் காது கேளாதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

கேமரா ஓடியது. முருகேசன் துணியைப் பிரித்தான், சம்படத்தைத் திறந்தான், திறந்தவன் அப்படியே நின்றான். பார்த்துக்கொண்டே இருந்தான். எங்களை ஒரு முறை பார்த்தான், மறுபடி உள்ளே பார்த்தான். இயக்குநர் என் கையைப் பிடித்து அழுத்தி, "பாருங்க, இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று முணுமுணுத்தார். பிறகு முருகேசன் சொல்லிக்கொடுத்தபடி அத்தனையையும் அள்ளி வீசினான். "கட்!" என்று இயக்குநர் கத்தினார், எல்லோரும் கைதட்டினோம்.

 பாலத்துக்கு அடியிலிருந்து பழனியின் குரல் வந்தது.

"ஏனுங்க... கொஞ்சம் கீழ வந்து பாருங்க."

இறங்கிப் போனேன். வேட்டிக்குள் ஒரு ஆரம், வளையல்கள், ஒற்றை ஜிமிக்கி. கூடவே ஒரு விரலி மஞ்சள்.

"இது நான் வாங்குனது இல்லீங்க" என்றான் பழனி. "நான் வாங்குன ஆரத்துல பச்சைக்கல் பதக்கம் இருக்குமுங்க. வெரலி மஞ்சளெல்லாம் நான் எங்கீங்க வெச்சேன்?"

கவரிங் நகைப் பெட்டியில் யாரும் மஞ்சள் வைக்க மாட்டார்கள். பொன்னோடுதான் வைப்பார்கள்.  மேலே நின்ற முருகேசன், "தெறந்தப்பவே கனமாத்தான் இருந்துச்சுங்க. நீங்கதான் உண்மையா இருக்கோணும்னு நெச நகையவே வெச்சுட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றான்.

சரசு அக்கா சம்படம் சுற்றியிருந்த துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பழைய கண்டாங்கிச் சேலையின் கிழிசல். நாங்கள் சுற்றியது பூப்போட்ட துணி. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ சாமி! அந்தம்மாவோட பைங்க இது."

"எந்த அம்மா?"

"பஸ்ஸுல எனக்குப் பக்கத்துல நின்னுட்டு வந்தாங்கங்க. தாராபுரத்துல இருந்து வாரேன்னாங்க. கூட்டத்துல நிக்க முடியாம, 'இதைச் செத்த வெச்சுக்குங்க அம்மணி'ன்னு பையக் குடுத்தாங்க. வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். அதுக்குள்ள கண்டக்டர் உள்ள போ உள்ள போன்னு அவங்களப் பின்னால தள்ளி உட்டுட்டாரு. நீங்க இருமுனீங்க, கண்ண மூடிட்டேன். ரெண்டும் மஞ்சப்பை. முருகேசன் எதை எடுத்தான்னு நான் எங்கீங்க பாத்தேன்? அப்பறம் எந்திரிச்சு அவங்களக் கூப்புட்டு எடத்தக் குடுத்து, மடியில மிச்சம் இருந்த பையையும் குடுத்துட்டு எறங்கிட்டேன்."

நின்றுகொண்டு வருகிறவர் பையை நீட்டினால் உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பஸ்ஸில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாக நீளும். படப்பிடிப்பில் இருக்கிறோம் என்பது கூட அந்தக் கைக்குத் தெரியவில்லை. நாங்கள் வாழ்க்கையைப் பார்த்து அச்சு அசலாகக் காப்பி அடித்திருந்தோம். அசலும் காப்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, எங்களாலேயே எது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் வேலை, இன்னொரு ஜிமிக்கி. அது வேட்டியில் விழாமல் கோரைப் புல்லில் விழுந்திருந்தது. மொத்த யூனிட்டும் சேற்றில் முட்டி போட்டுத் தேடினோம். வெள்ளைப் பேன்ட் போட்ட இயக்குநர்தான் கண்டுபிடித்தார். அந்தப் படத்தில் அவர் செய்த உருப்படியான முதல் வேலை அது என்று நான் பிறகு அவரிடமே சொல்லியிருக்கிறேன், அவரும் சிரித்தார். வேட்டி மட்டும் இல்லையென்றால் அந்த நகைகள் சாக்கடைத் தண்ணீரோடு குளத்துக்குப் போயிருக்கும். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது எனக்கு நானே கஞ்சப்பிசினாறி என்று சொல்லித் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நகை பத்திரம் என்றானதும் எல்லோருக்கும் பேச்சு வந்தது. இயக்குநர், "போலீஸ்ல ஒப்படைச்சுடலாம். பத்து நிமிஷம் பொறுங்க, நம்ம கவரிங் இல்லாட்டியும் பரவாயில்லை, காலி சம்படத்தை வெச்சே இன்னொரு கோணத்துலயும் எடுத்துடறேன். வெளிச்சம் போயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நகை எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை.

சரசு அக்காதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நகையப் பத்தி எனக்குக் கவலை இல்லீங்க. அந்தம்மா பையத் தொறந்து பாத்தா என்ன நெனைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நெசத் திருடனா இருந்தா பையோட போயிருவான். இங்க பை இருக்குது, சம்படம் இருக்குது, உள்ள கவரிங் இருக்குது. நகை சம்படத்துல போகுதுன்னு தெரிஞ்ச ஆளாலதான மாத்த முடியும்? ஊட்டாளுக மேலதானுங்க சந்தேகம் போகும். யாரு தலையில விடியப் போகுதோ."

தம்பிகளே, தங்கைகளே, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் அதுவரை நகையைப் பற்றியும் போலீஸைப் பற்றியும் படத்தைப் பற்றியும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கொடுத்தனுப்பிய பொய்ப் பை இன்னொருவர் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை. நேராகக் கேமராமேனிடம் போய், "லென்ஸ் மூடியைப் போடுங்க. இன்னைக்கு ஷூட்டிங் இல்லை" என்றேன். இயக்குநர் இருக்கும்போது தயாரிப்பு நிர்வாகி சொல்லக்கூடாத வார்த்தை அது. இயக்குநர் என்னை முறைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அவரே மூடியை எடுத்துப் போட்டார்.

திரும்பிப் பார்த்தால் முருகேசனைக் காணவில்லை. ரோட்டில் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். ஓடிப் பிடித்தேன்.

"நான் போறனுங்க" என்றான். முகம் வெளிறியிருந்தது. "யாரு எடுத்தாங்கன்னு கேட்டா என்னையத்தான காட்டுவாங்க? ஒருக்கா உள்ள போயிட்டு வந்தவன் நான். சினிமாவுக்கு எடுத்தேன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?"

"நீ நடிச்சே. எடுக்கச் சொன்னது நாங்க. அதைச் சொல்ல நான் வர்றேன்."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள அடிச்சுப் போடுவாங்கங்க."

 அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். அவனை விட்டுவிட்டு நானும் சரசு அக்காவும் மட்டும் போயிருக்கலாம். ஆனால் இன்று அவன் வராமல் ஓடினால், நாளைக்கு எங்கள் யூனிட்டிலேயே யாராவது, 'அவன் வேணும்னேதான் எடுத்தான், நல்லவேளை மாட்டிக்கிட்டான்' என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு அவனை விடவே விடாது. நகை அவன் கையாலேயே போய்ச் சேர்ந்தால்தான் விவகாரம் முடியும் என்று எனக்குப் பட்டது. "அடி விழுந்தா முதல் அடி எனக்கு" என்றேன். வீரத்தில் சொல்லவில்லை, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அவன் என் தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். கூட வந்தான்.

கிளம்பும்போது சரசு அக்கா தடுத்து, பழனியின் சட்டையைக் கழற்றி முருகேசனுக்குப் போட்டுவிட்டார். காட்சிக்காக நாங்கள் பார்த்துப் பார்த்துக் கிழித்து அழுக்காக்கிய சட்டை அவன் உடம்பில் இருந்தது. அந்தச் சட்டையோடு நகையும் கையுமாக நின்றால் விசாரிக்காமலே திருடன் என்று பிடித்துவிடுவார்கள்.

யூனிட் அம்பாசடரில் ஆர்.எஸ்.புரம் போனோம். அந்தம்மா ஆர்.எஸ்.புரத்தில் இறங்க வேண்டும் என்று சரசு அக்காவிடம் சொல்லியிருந்தார். நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற அந்தப் பகுதிக்குச் சம்படத்தில் நகையோடு வருகிறவர் வேறு எங்கே போவார்? ஒவ்வொரு நகைக்கடையாக ஏறி இறங்கினோம். முருகேசன் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான். முதல் இரண்டு கடைகளில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள்.

மூன்றாவது கடையில் நான், "தாராபுரத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்களா? கையில கவரிங் நகை..." என்று ஆரம்பித்ததுமே மேனேஜர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது கவரிங்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடைப் பையன்கள் இரண்டு பேர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பஸ், கேமரா, இருமல், வேட்டி எல்லாம் முன்னுக்குப் பின் முரணாக வந்தது. நடுவில் சரசு அக்கா புகுந்து, சம்படத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். மேனேஜர் ஒரு வளையலைக் கையில் எடுத்தார். எடுத்ததுமே அவர் முகம் மாறியது.

"அடக் கடவுளே! சீக்கிரம் போங்க. எதுத்தாப்பல எஸ்.டி.டி. பூத்துல இருக்கறாங்க" என்றார். "மகளுக்குக் கல்யாணமாம். பழைய நகைய அழிச்சுப் புதுசு பண்ண வந்தாங்க. தொறந்து பாத்தா கவரிங். பைய எங்கயாவது வெச்சீங்களா, யாருகிட்டயாவது குடுத்தீங்களான்னு கேட்டேன். 'இல்லீங்க, கைய உட்டு எறக்கவே இல்லீங்க'ன்னு அடிச்சுச் சொல்றாங்க. காலைல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையத் தூக்கிட்டு வந்தது பையனாம். கொஞ்ச நாளா சேர்க்கை சரியில்லையாம். அவன்தான் மாத்திப்போட்டான்னு முடிவே பண்ணிட்டாங்க. அழுகக்கூட இல்லீங்க. 'ஊட்ட உட்டுப் போயிரு, இனி எம் மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லிப் போடறேன்'னு போன் பண்ணப் போயிட்டாங்க."

பொய் சொல்லவில்லை அந்தம்மா. பஸ்ஸில் பக்கத்துப் பெண் மடியில் வைத்ததை யாராவது இன்னொருவரிடம் கொடுத்ததாகக் கணக்கு வைப்பார்களா? அவருக்கு அது ஞாபகமே வரவில்லை.

ரோட்டைக் கடந்து ஓடினோம். பூத்தின் கண்ணாடிக் கதவு புழுக்கத்துக்காகப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு அம்மா, காதில் ரிசீவரோடு நிமிர்ந்து நின்றிருந்தார். ஊரில் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து மகனைக் கூட்டிவரச் சொல்லி, இப்போது இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டிருக்கிறார். தலைக்கு மேலே கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மணி!" என்று சரசு அக்கா கூப்பிட்டார்.

அந்தம்மா திரும்பினார். சரசு அக்காவின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் முருகேசன் முன்னால் போய், சம்படத்தைத் திறந்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். பிடித்த வேகத்தில் வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அந்தம்மா ஆரத்தைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், சரசு அக்காவின் மடியைப் பார்த்தார். பஸ்ஸில் நடந்தது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றார்.

ரிசீவரில் ஒரு இளைஞன் குரல் எங்களுக்கே கேட்டது. "அம்மா? என்னங்கம்மா? கடைக்காரரண்ணன் அவசரம்னு சொன்னாருங்க. அம்மா?"

அந்தம்மா என்ன சொல்லப் போன் செய்தார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.  அவர் ரிசீவரை வாயருகே கொண்டுபோனார்.

"சாப்புட்டயா கண்ணு?" என்றார்.

"இன்னும் இல்லீங்கம்மா. நீங்க வந்துரட்டும்னு இருக்கறனுங்க. ஏனுங்கம்மா, என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல சாமி. ஒண்ணுமே ஆகல. ரசம் அடுப்பு மேல இருக்குது. அம்மாவுக்காகப் பாத்துட்டிருக்க வேண்டாம், நீ சாப்புட்டுப் போடு."

போனை வைத்தவர் அப்படியே பூத்துக்குள் தரையில் உட்கார்ந்தார். கடையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சரசு அக்கா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவரும் அழுதார். நான் நடந்ததை விளக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் முருகேசன் அந்தம்மாவுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். சினிமா, காட்சி, டைரக்டர் சொன்னார் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை.

"நாந்தானுங்கம்மா எடுத்தேன்" என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழும் என்றுதான் நினைத்தேன். நான் வாங்கிக்கொள்வதாகச் சொன்ன முதல் அடி.

சத்தம் இல்லாமல் போகவே கண்ணைத் திறந்தேன். அந்தம்மா முருகேசனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீயா கண்ணு எடுத்த?" என்றார், அழுகையும் சிரிப்புமாக. "நீதானா? எம் பையன் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கடை மேனேஜருக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "ஏனுங்க, எம் பையன் எடுக்கலீங்க! இந்தக் கண்ணுதானுங்க எடுத்துச்சு! நல்லாருப்ப சாமி, நீ நல்லாருப்ப!"